வலது ஓரத்தில் நிற்கிறவன்

உயிரோடு நன்றாக இருக்கிற ஒருவன் செத்துப்போய்விட்டதாக நினைத்து நான் இரண்டு நாள் கலங்கிப்போய்க் கிடந்தேன். யாரும் பொய் சொல்லவில்லை, வதந்தி எதுவும் கிளம்பவில்லை. நானும் என் பள்ளித் தோழனும் போனில் பேசிக்கொண்டே ஒரே படத்தைப் பார்த்தோம், அவ்வளவுதான். ஒரே படம் என்று இரண்டு பேரும் நினைத்துக்கொண்டோம்.

கூடப் படித்த ஒருத்தர் எங்கள் பத்தாம் வகுப்புக் குழுப் படத்தை எங்கிருந்தோ தேடிப் பிடித்து ஸ்கேன் செய்து வகுப்புக் குழுவில் போட்டிருந்தார். போட்ட பத்தாவது நிமிஷம் தோழன் கூப்பிட்டான். நான் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, அதே போனில் குழுவைத் திறந்து, அந்தச் சின்னப் படத்தைப் பார்த்தபடியே பேச ஆரம்பித்தேன். பழைய படங்களில் எப்போதும் நடக்கிற விஷயம்தான், யார் எங்கே நிற்கிறார்கள் என்று முகம் முகமாக அடையாளம் சொல்லிக்கொண்டே போனோம். பத்து பதினைந்து பேரைத் தாண்டியிருப்போம்.

"கடைசி வரிசை, வலது ஓரத்துல நிக்கிறானே, அவன் இப்ப எங்கடா இருக்கான்?" என்று கேட்டேன்.

"எவன், ஒல்லியா?"

"ஆமா. தோள்ல கை இருக்கு பாரு, அவன்தான்."

"ஆமா ஆமா, தோள்ல கை. பார்த்துட்டேன்." அப்புறம் அவன் குரல் இறங்கிவிட்டது. "உனக்கு விஷயமே தெரியாதா? அவன் போய் மூணு வருஷம் ஆச்சுடா. மாரடைப்பு."

எனக்கு உட்கார வேண்டும் போல ஆகிவிட்டது. அவன் மேலும் சொன்னான்: எல்லாருக்கும் கணக்கு நோட்டு கொடுப்பானே, பரீட்சைக்கு முந்தின நாள்கூடக் கேட்டவனுக்கு இல்லை என்று சொல்ல மாட்டானே. ஆமாம் என்றேன். எனக்கும் கொடுத்திருக்கிறான் என்றேன். சொல்லும்போதே அந்த நோட்டின் பழுப்பு அட்டையும் அவன் அதை நீட்டுகிற விதமும் கண் முன்னால் வந்தது. வந்ததா, நானாக வரவழைத்தேனா என்பது வேறு கதை. அது கடைசியில்.

இப்போது கேட்பீர்கள், பெயரைச் சொல்லிப் பேசியிருந்தால் அங்கேயே முடிந்திருக்குமே என்று. உண்மைதான். ஆனால் படம் கண் முன்னால் இருக்கும்போது யார் பெயர் சொல்கிறார்கள்? அவன், இவன், பக்கத்தில் நிற்கிறவன் என்றுதான் பேச்சு ஓடும். அவன் பெயர் எனக்கும் தெரியும், தோழனுக்கும் தெரியும், படத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறோம் என்கிற தைரியத்தில் இரண்டு பேருமே அதைச் சொல்லவில்லை.

இரண்டாவது நாள் ராத்திரி, இறந்துபோனவனைப் பற்றிக் குழுவில் நாலு வரி போடலாம் என்று எழுதி, அடித்து, திரும்ப எழுதி, சரியாக வரவில்லை என்று அப்படியே வைத்துவிட்டேன். நல்லவேளை. மறுநாள் காலையில் குழுவைத் திறந்தால், அவனை யாரோ குழுவில் சேர்த்திருந்தார்கள். முழுப் பெயரோடு. அடுத்த வரியில் அவனே எழுதியிருந்தான்: "வணக்கம் நண்பர்களே, எல்லாரும் சௌக்கியமா?"

நான் சௌக்கியமாக இல்லை. உடனே தோழனைக் கூப்பிட்டு, நீதானேடா சொன்னாய் என்று கத்த, நான் எப்போடா அவனைச் சொன்னேன் என்று அவன் திருப்பிக் கத்த, வலது ஓரம் என்றாயே, ஆமாம் வலது ஓரம்தான், அப்புறம் என்ன என்று இருபது நிமிஷம் சண்டை. "படத்தைப் பார்த்துப் பேசுடா" என்று அவன் சொல்கிறான், நான் அதே படத்தைப் பார்த்துக்கொண்டுதான் பேசுகிறேன். கடைசியில் அவனவன் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பிக்கொண்டோம். என் படத்தில் கடைசி வரிசையில் ஒன்பது பேர். அவன் படத்தில் பதினோரு பேர்.

படத்தைத் தொட்டுத் திறக்காமல் குழுவில் தெரிந்த முன்னோட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன் நான். செயலி தன் சதுரத்துக்குள் அடக்குவதற்காக அகலமான படத்தின் இரண்டு ஓரங்களையும் வெட்டியிருந்தது. அவன் கணினியில் முழுப் படத்தைப் பார்த்தான். என் வலது ஓரம் அவனுக்கு ஓரத்திலிருந்து இரண்டாவது ஆள். இரண்டு பேருமே ஒல்லி (அந்த வயதில் எல்லாருமே ஒல்லிதான்), இரண்டு பேருக்கும் ஒரே சீருடை. அந்தத் தோள், கை விஷயம்தான் கொடுமை. நான் சொன்னது தோளில் யாருடைய கையோ விழுந்திருக்கிற ஆளை. அவன் புரிந்துகொண்டது பக்கத்தில் இருப்பவன் தோளில் கை போட்டிருக்கிற ஆளை. இரண்டுக்கும் தமிழில் "தோள்ல கை"தான். சந்தேகம் வரக்கூடாது என்று நான் கூடுதலாகச் சொன்ன அடையாளம்தான் தப்பை இறுக்கிப் பூட்டியது.

இந்த முன்னோட்ட வெட்டு பழைய வியாதி. ட்விட்டரில்கூட ஒரு காலத்தில் படத்தின் எந்தப் பகுதியைக் காட்டுவது என்று ஒரு நிரலே முடிவு செய்துகொண்டிருந்தது. அது சில முகங்களுக்குச் சலுகை காட்டுகிறது என்று புகார் எழுந்து, அவர்களே சோதித்துப் பார்த்து, 2021-ல் வெட்டாமல் காட்டுகிற முறைக்குப் போனார்கள். ஆனால் பேச்சில் குழப்பம் வர நிரல் சார்பாக நடக்க வேண்டும் என்றுகூட இல்லை. வெட்டியிருக்கிறது என்பது பார்க்கிறவனுக்குத் தெரியாமல் இருந்தாலே போதும். கிழிந்த காகிதம் என்றால் ஓரத்தில் கிழிசல் தெரியும். திரையில் வெட்டிய படம் அழகாக முழுசாக நிற்கிறது.

அன்றிலிருந்து இந்த விஷயம் என்னை விடவில்லை. யோசித்துப் பார்த்தால் வாரத்துக்கு ஒன்றாவது இப்படி நடந்துகொண்டுதான் இருந்திருக்கிறது, யாரும் சாகாததால் கவனிக்கவில்லை.

அம்மா ஒருமுறை போனில் ஒரு பறவையின் பெயர் கேட்டார். அவர் சொன்ன அடையாளத்தை வைத்து நான் தேடினேன், அவரையும் அதே வார்த்தையைப் போட்டுத் தேடச் சொன்னேன். "மூணாவது படம் பாருங்கம்மா, அதுவா?" என்றேன். "அதேதான்" என்றார். பெயரைச் சொன்னேன். ஒரு வாரம் கழித்து அவர் அனுப்பிய போட்டோவில் இருந்தது வேறு பறவை. தேடல் முடிவுகள் எல்லாருக்கும் ஒரே வரிசையில் வருவதில்லை, திரையின் அகலத்துக்கு ஏற்றபடி அடுக்கே மாறும், இருக்கிற இடம், மொழி எல்லாவற்றையும் பொறுத்து முடிவுகளும் மாறும். என் மூன்றாவதும் அவருடைய மூன்றாவதும் வேறு வேறு. இது சின்ன விஷயம், விடுங்கள்.

அலுவலகத்தில் நடந்தது கொஞ்சம் பெரிசு. ஒரு நிகழ்ச்சிக்கான சின்னம் தயார் செய்து, பின்னணி இல்லாத பிஎன்ஜி கோப்பாக அனுப்பினேன். கறுப்பு எழுத்து, பக்கத்தில் ஒரு சிவப்பு வட்டம். பெரியவர் கூப்பிட்டார்.

"வட்டம் நல்லா இருக்கு. எழுத்து எங்க?"

"வட்டத்துக்குப் பக்கத்துலயே இருக்கு சார்."

"பக்கத்துல ஒண்ணும் இல்லையே."

"சார், பெரிசா இருக்கு சார், நல்லாப் பாருங்க."

"நான் நல்லாத்தான் பாக்கறேன்" என்றார், குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. நானும் விடவில்லை. படம் முழுசாக இறங்கியிருக்காது, மறுபடி திறந்து பாருங்கள் என்றேன். திறந்தார், இல்லை. அவருடைய போன் டார்க் மோடில் இருந்தது. பின்னணி இல்லாத படம் என்றால் பின்னால் என்ன இருக்கிறதோ அதுதான் தெரியும். அவர் திரையில் பின்னால் இருந்தது கறுப்பு. கறுப்பின்மேல் என் கறுப்பு எழுத்து கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. முக்கால் மணி நேரம் கழித்துக் கண்டுபிடித்தோம். அதற்குள் அவர் என்னைத் திமிர் பிடித்தவன் என்றும், நான் அவரைக் கண் டாக்டரிடம் போக வேண்டியவர் என்றும் முடிவு கட்டியிருந்தோம். இந்தக் குழப்பத்தில் எனக்குப் பயமாக இருப்பது அதுதான். எதிராளிக்கு வேறு ஒன்று தெரிகிறதோ என்ற சந்தேகம் நமக்குக் கடைசியாகத்தான் வருகிறது. அதற்கு முன்னால் அவர் கவனிக்கவில்லை, அவருக்கு விவரம் போதாது, வேண்டுமென்றே வம்பு பண்ணுகிறார் என்று மூன்று படி ஏறிவிடுகிறோம்.

நிறம் இன்னொரு பெரிய கிணறு. 2015 பிப்ரவரியில் உலகமே அடித்துக்கொண்ட அந்த உடையின் படம் ஞாபகம் இருக்கும். நீலமும் கறுப்புமா, வெள்ளையும் தங்கமுமா என்று. ஆய்வாளர்கள் 1,401 பேரிடம் கேட்டுப் பார்த்தபோது 57 சதவீதம் பேர் நீலம்-கறுப்பு என்றார்கள், 30 சதவீதம் பேர் வெள்ளை-தங்கம் என்றார்கள், நீலம்-பழுப்பு என்று சொன்னவர்களும் இருந்தார்கள். உண்மையான உடை நீலமும் கறுப்பும்தான். படத்தில் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பது தெளிவாக இல்லை, அதனால் மூளை தானே ஒரு வெளிச்சத்தை ஊகித்துக்கொண்டு அதைக் கழித்துப் பார்க்கிறது, ஊகம் மாறினால் நிறம் மாறுகிறது என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். ஒரே திரையை, ஒரே சோபாவில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கே இந்தக் கதி. இதில் ஒருவர் போனில் இரவானதும் திரை மஞ்சளாகிற ஏற்பாடு ஓடுகிறது, இன்னொருவர் வெயிலில் நின்றுகொண்டு பார்க்கிறார் என்றால் கேட்கவே வேண்டாம்.

அதற்கு மேல் நமக்கென்று ஒரு சொந்தச் சிக்கல் உண்டு, ஊதா. எனக்கு ஊதா என்றால் கத்தரிப்பூ நிறம். கூட வேலை செய்கிற ஒரு அக்காவுக்கு ஊதா என்றால் நல்ல அழுத்தமான நீலம். "அந்த ஊதாக் கட்டத்தை எடுத்துடு" என்று அவர் சொல்ல, நான் வேறு கட்டத்தை எடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று படுக்கப் போய்விட்டேன். மறுநாள் விசாரித்தபோது அவர் தெளிவாகவே சொன்னார்: "நீலம்னா வானம் மாதிரி வெளிறி இருக்கணும்பா. இது ஊதா." எங்கள் வீட்டுப் பெரியவர்கள் பேனா மையை ஊதா என்று சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவரும் தப்புச் சொல்லவில்லை, நானும் தப்புச் செய்யவில்லை. கட்டம்தான் பாவம்.

இடது வலதுக்கு வருவோம். படத்தில் இருப்பவருடைய இடதா, பார்க்கிற என்னுடைய இடதா என்பதை யாரும் முதலில் சொல்லிக்கொள்வதில்லை. எக்ஸ்ரே எடுக்கிற இடத்தில் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள், படத்திலேயே எந்தப் பக்கம் என்று ஓர் எழுத்துக் குறி விழும்படி செய்துவிடுகிறார்கள். மார்பு எக்ஸ்ரேவை நோயாளி நம்மைப் பார்த்து நிற்பது போலத்தான் மாட்டிப் பார்ப்பார்கள், அதனால் நோயாளியின் வலது நம் இடது கைப் பக்கம் இருக்கும். குறி மட்டும் இல்லாவிட்டால் எந்த நுரையீரல் என்று டாக்டர்களே தடுமாற வேண்டியதுதான். கப்பல்காரர்கள் இன்னும் கெட்டிக்காரர்கள். அவர்கள் இடது, வலது என்று சொல்வதே இல்லை, முன்பக்கம் பார்த்து நின்றால் இடப்புறம் போர்ட், வலப்புறம் ஸ்டார்போர்ட், யார் எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் அது மாறாது. முன்பு இடப்புறத்துக்கு லார்போர்ட் என்று பெயர். ஸ்டார்போர்ட், லார்போர்ட் என்று காற்றில் கத்தினால் இரண்டும் ஒன்று போலக் கேட்கிறது என்பதால் 1844-ல் பிரிட்டிஷ் கடற்படை லார்போர்ட் என்ற சொல்லையே விலக்கிவிட்டது. இதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. சிக்னல் சரியில்லாத போனில் வலது, இடது என்று சொல்லிப் பாருங்கள். முதல் எழுத்து விழுங்கப்பட்டால் மிச்சம் "லது", "டது". நான் இப்போதெல்லாம் சோத்துக்கை, பீச்சாங்கை என்றே சொல்லிவிடுகிறேன். அலுவலகக் கூட்டத்தில் சொல்ல முடியாது, அது ஒன்றுதான் குறை.

வீடியோ அழைப்பில் நம் முகம் நமக்குக் கண்ணாடி போலத் திரும்பித் தெரியும், எதிரில் இருப்பவருக்கு நேராகத் தெரியும். "இடது கன்னத்துல மை ஒட்டியிருக்கு" என்று ஒருவரிடம் சொல்லிவிட்டு அவர் எந்தக் கன்னத்தைத் துடைக்கிறார் என்று வேடிக்கை பார்க்கலாம். மேலே கீழேயும் நம்புவதற்கில்லை. போனைச் சாய்த்து எடுத்த படத்தோடு, இதை எந்தப் பக்கம் திருப்பிக் காட்ட வேண்டும் என்ற குறிப்பும் கோப்புக்குள் போகும். அதை மதிக்கிற மென்பொருளில் படம் நிமிர்ந்து நிற்கும், மதிக்காததில் படுத்துக் கிடக்கும். எனக்கு மேலே, உனக்குப் பக்கவாட்டில்.

நேரில் இருந்தால் இதெல்லாம் ஒரு விரலில் முடிந்துவிடும். அந்த விரலுக்கு நாம் வைத்த பெயரே ஆள்காட்டி விரல்தான், சுட்டுவிரல் என்றும் சொல்வோம். பள்ளியில் படித்த சுட்டெழுத்துகள் மூன்று: அ, இ, உ. இது என் பக்கத்தில் இருப்பது, அது தூரத்தில் இருப்பது, உது இரண்டுக்கும் நடுவில். எங்கள் வாத்தியார் "உ வழக்கொழிந்துபோச்சு, பரீட்சைக்கு மட்டும் எழுதுங்க" என்பார். ஈழத்தமிழர் ஒருவரோடு பேசிப் பழகியபோதுதான் அது ஒழியவே இல்லை என்று தெரிந்தது. கேட்கிறவர் பக்கத்தில் இருப்பதை அவர் சர்வ சாதாரணமாக "உது" என்பார். போனில் படம் பார்த்துப் பேசுகிறவர்களுக்கு இதைவிடத் தோதான சொல் கிடையாது. என் திரையில் இருப்பது இது. உன் திரையில் இருப்பது உது. இரண்டும் ஒன்று என்று நினைத்து இரண்டையும் "அது" என்று சொல்லிக்கொண்டிருந்ததில்தான் ஒருவனைக் கொன்றுவிட்டேன்.

இன்னொரு வேடிக்கை, தமிழில் மவுஸுக்கும் சுட்டி என்றுதான் பெயர். அமெரிக்கக் கணினி ஆய்வாளர் டக்ளஸ் எங்கல்பார்ட் 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் அந்தச் சுட்டியை முதன்முதலாக ஒரு பெரிய கூட்டத்துக்குக் காட்டினார். அதே மேடையில், சுமார் 30 மைல் தள்ளி மென்லோ பார்க்கில் இருந்த சக ஊழியரோடு ஒரே திரையைப் பகிர்ந்துகொண்டு, குரலும் முகமும் தெரிய, திரைக்குள் சுட்டிக் காட்டியபடி பேசினார். தூரத்து ஆளோடு ஒரு திரையைப் பற்றிப் பேச வேண்டுமானால் இரண்டு பக்கமும் ஒரே திரை வேண்டும், அதற்குள் ஒரு விரல் வேண்டும் என்பது அன்றைக்கே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நாம் என்னடா என்றால், சட்டைப்பையில் அதைவிடப் பெரிய இயந்திரத்தை வைத்துக்கொண்டு "அந்தப் பக்கம் பாரு, இல்ல இல்ல, அந்தப் பக்கம்" என்று கத்திக்கொண்டிருக்கிறோம். படத்தில் ஒரு வட்டம் போட்டு அனுப்ப ஐந்து வினாடி ஆகாது. ஏன் செய்வதில்லை என்றால் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போது அதை நிறுத்த மனசு வராது, அதுதான் காரணம். வேறு எதுவும் இல்லை.

விரலும் இல்லை, ஒரே திரையும் இல்லை என்றால் என்ன ஆகும் என்று 1986-ல் ஹெர்பர்ட் கிளார்க், டியானா வில்க்ஸ்-கிப்ஸ் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாதபடி இரண்டு பேரை உட்காரவைத்து, இருவருக்கும் 12 டேன்கிராம் உருவங்கள், அதாவது முக்கோணமும் சதுரமும் ஒட்டி வெட்டிய ஆள் மாதிரியான வடிவங்கள். ஒருவர் தன் வரிசையை வாயால் சொல்ல வேண்டும், மற்றவர் அதே வரிசையில் அடுக்க வேண்டும். இப்படி ஆறு தடவை. முதல் தடவை ஓர் உருவத்துக்குச் சராசரியாக 41 சொல் தேவைப்பட்டது, ஆறாவது தடவை 8 சொல். பனிச்சறுக்கு விளையாடுகிற ஆள் மாதிரி, ஆனால் இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு என்று நீளமாக ஆரம்பித்தது கடைசியில் வெறும் "சறுக்குகிறவர்" ஆகிவிட்டது. எனக்கு இதில் பிடித்தது அந்த 8 இல்லை, 41-தான். முதலில் 41 சொல் செலவழித்து, எதிராளி திருப்பிக் கேட்டு, இழுத்து, திருத்தி, அப்புறம்தான் அந்தச் சுருக்கம் இருவருக்கும் சொந்தமானது. நானும் தோழனும் 30 வருஷப் பழக்கம் என்கிற திமிரில் நேராக 8-க்குப் போய்விட்டோம்.

எல்லாக் குழப்பத்திலும் நான் பார்த்த ஒரே குற்றவாளி "ஆமா"தான். "தெரியுதா?" என்று கேட்டால் யாரும் ஆமா என்றுதான் சொல்வார்கள், ஏனென்றால் ஏதோ ஒன்று தெரியத்தான் செய்கிறது. 1892-ல் ஒரு ஜெர்மன் பத்திரிகையில் வந்த முயல்-வாத்துப் படம் இருக்கிறதே, அதைப் போனில் பேசிப் பாருங்கள். "தெரியுதா?" "தெரியுது." "அழகா இருக்குல்ல?" "ரொம்ப." ஒருவர் வாத்தைப் பார்த்திருப்பார், இன்னொருவர் முயலைப் பார்த்திருப்பார், வாத்தின் அலகுதான் முயலின் காது, சண்டையே வராமல் போனை வைத்துவிடுவார்கள். எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கேட்டால் மட்டும்தான் குட்டு வெளிப்படும். அதனால் இப்போது நான் "தெரியுதா" கேட்பதை விட்டுவிட்டு "என்ன தெரியுது, சொல்லு" என்று கேட்கிறேன். கொஞ்சம் போலீஸ்காரன் மாதிரி இருக்கிறது என்று வீட்டில் புகார். இருக்கட்டும்.

உயிரோடு இருப்பவனிடம் பேசினேன். நடந்ததைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தான், அப்புறம் சட்டென்று நிறுத்திவிட்டான். தோளில் கை போட்டிருந்தவன் அவனுக்கு நெருக்கம். பேச்சுவாக்கில் அந்தக் கணக்கு நோட்டைப் பற்றிக் கேட்டேன். "நானா? நோட்டா? நான் கணக்குல நோட்டே எழுதினதில்லையேடா. நானும் அவன்கிட்டத்தான் வாங்குவேன்" என்றான். அப்படியானால் பழுப்பு அட்டை போட்ட நோட்டை இந்த முகத்தோடு நீட்டியதாக எனக்கு வந்த ஞாபகம், தோழன் சொன்ன வார்த்தைகளை வைத்து நான் அந்த நிமிஷத்தில் ஒட்டவைத்தது. நோட்டு உண்மையாக இருக்கலாம். முகம்தான் மாறிப்போயிருந்தது. வெட்டிய படத்தில் யார் இருந்தானோ அவன் கையில் கொடுத்துவிட்டேன்.

அன்று ராத்திரி தோழனைக் கூப்பிட்டேன். சண்டை எதுவும் இல்லை.

"படத்தைத் திற. முழுசா."

"திறந்துட்டேன். இப்ப என்ன?"

"கடைசி வரிசை. எத்தனை பேர்?"

"பதினொண்ணு."

"எனக்கும் பதினொண்ணு. நம்ம வலது, அவங்க வலது இல்ல. கடைசி ஆள். என்ன தெரியுது, சொல்லு."

"கேமராவைப் பாக்கல. பக்கத்துல திரும்பி எதையோ சொல்லிட்டிருக்கான். சிரிப்பு வரப் போற மாதிரி வாய்."

"கை?"

"வலது கை, அவனோட வலது, பக்கத்துல நிக்கிறவன் தோள் மேல."

"சட்டைப்பையில?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. படத்தைப் பெரிதாக்குகிறான் போல.

"பேனா. ரெண்டு பேனா."

நானும் பெரிதாக்கிப் பார்த்தேன். எனக்கும் இரண்டு தெரிந்தது.